ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு: டெஸ்க்டாப்பில் எங்கே தேடுவது?

பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, கேபினெட் முகப்பில் விளக்கு எரிகிறது, உள்ளே காற்றுச் சத்தம் கேட்கிறது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. "எல்லாம் ஓடுது, மானிட்டர்தான் போயிடுச்சு" என்று நினைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஃபேன் சுற்ற 12 வோல்ட் மின்சாரம் போதும். புராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாமல் நின்றுபோயிருந்தாலும் ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது ஒரு வரிசை. பவர் சப்ளை தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும் மதர்போர்டுக்கு "சரி, தொடங்கலாம்" என்று ஒரு சமிக்ஞை தரும். புராசஸர் விழித்து, பயாஸ் எனும் தொடக்க நிரலை அதன் சிப்பிலிருந்து படிக்கும். அப்புறம் ரேமைத் தேடிச் சோதிக்கும். அதற்கும் பிறகுதான் கிராபிக்ஸ். இந்தச் சுயசோதனையைத்தான் போஸ்ட் என்கிறார்கள். திரையில் முதல் எழுத்து வருவதற்கு முன்னால் இவ்வளவும் முடிந்திருக்க வேண்டும். ரேமில் கோளாறு என்றால், அதைச் சொல்வதற்குக்கூட கம்ப்யூட்டருக்குத் திரை கிடைக்காது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வரிசை எந்த இடத்தில் நின்றது?

முதலில் ஒரு நிமிடச் சோதனை

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கீபோர்டில் நம் லாக் (Num Lock) அல்லது கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அழுத்த அழுத்த அந்தச் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? அப்படியானால் புராசஸரும் ரேமும் வேலை செய்கின்றன. கோளாறு கிராபிக்ஸ், கேபிள், மானிட்டர் என்ற பக்கத்தில்தான். விளக்கு அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் போஸ்ட்டைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கீபோர்டைச் செருகியதும் விளக்கு ஒருமுறை மின்னுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அழுத்தும்போது மாறுகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொரு தடயமும் உண்டு. பவர் பட்டனை லேசாக ஒருமுறை அழுத்திவிட்டு விடுங்கள். சில விநாடிகள் எடுத்துக்கொண்டு நிதானமாக அணைந்தால், உள்ளே விண்டோஸ் வரைக்கும் போயிருந்தது என்று அர்த்தம். ஸ்பீக்கரில் விண்டோஸ் தொடங்கும் ஒலி கேட்டாலும் அப்படியே.

இந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்துக் கீழே உங்களுக்கான பகுதிக்குப் போங்கள்.

"நோ சிக்னல்" என்று மானிட்டர் சொல்கிறது

மானிட்டர் பேசுகிறது என்றால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது. அதற்குப் படம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முதலில் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தி, எந்த உள்ளீடு தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ துளையில் இருக்க, மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். தானாகத் தேடும் வசதி எல்லா மானிட்டரிலும் சரியாக வேலை செய்வதில்லை.

அடுத்து, கேபிளின் இந்த முனை. கேபினெட்டின் பின்புறம் பாருங்கள். மேல்பகுதியில், யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து செங்குத்தாக இருக்கும் வீடியோ துளை மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே, தனியாகக் கிடைமட்டமாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டினுடையவை. கார்டு போட்டிருந்தால் கேபிள் கீழேதான் போக வேண்டும்.

என் அக்கா மகன் ஒருநாள் இரவு போன் செய்தான். "மாமா, புது கார்டு போட்டேன், ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே வரல." கேபிள் எங்கே மாட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். "முன்னாடி இருந்த இடத்துலதான்" என்றான். கார்டு வந்த பிறகும் கேபிள் பழைய துளையிலேயே இருந்தது. கார்டு போட்டால் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த வீடியோ துளையை அணைத்துவிடும். கேபிளைக் கீழே மாற்றியதும் படம் வந்துவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. கார்டு பழுதாகிவிட்டது, அதைக் கழற்றிவிட்டு மதர்போர்டு துளையில் பார்க்கலாம் என்று நினைப்போம். புராசஸருக்குள் கிராபிக்ஸ் இருந்தால்தான் அங்கே படம் வரும். இன்டெல் புராசஸர் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டி ரைசன் 5000 வரிசை வரைக்கும், டெஸ்க்டாப் புராசஸர்களில் பெயரின் முடிவில் ஜி இருப்பவற்றில்தான் கிராபிக்ஸ் உண்டு. 5600 என்றால் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. 2022-இல் வந்த 7000 வரிசையிலிருந்து பெரும்பாலானவற்றில் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் 7500எஃப் போல எஃப் போட்டவற்றில் இல்லை. இது தெரியாமல் நல்ல மதர்போர்டைப் பழுது என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேபிளும் துளையும் சரியாக இருந்தும் சிக்னல் இல்லையா? வேறு கேபிள், வேறு துளை, முடிந்தால் ஒரு டிவி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் படம் வந்துவிடலாம், ஆனால் எது கோளாறு என்பது கடைசிவரை தெரியாது. விஜிஏ கேபிள் என்றால் அந்த நீலத் தலைக்குள் பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் ஒரு விசேஷக் கோளாறு உண்டு. தரமில்லாத சில கேபிள்களில் 20-ஆம் பின்னை இரு முனைக்கும் இணைத்துவிடுகிறார்கள், இணைக்கக் கூடாது. அந்த வழியாக மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் கசிந்து, தொடங்கும் நேரத்தில் குழப்பம் செய்யும். கேபிளைக் கழற்றினால் ஒழுங்காகத் தொடங்கி, மாட்டினால் அடம்பிடிக்கும் கம்ப்யூட்டரில் இதைச் சந்தேகிக்கலாம்.

மானிட்டரில் எதுவுமே வரவில்லை, "நோ சிக்னல்" கூட இல்லை

மானிட்டரின் பவர் விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லையென்றால் அதன் அடாப்டர், பிளக், ஸ்விட்ச். எரிகிறது என்றால் வீடியோ கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மானிட்டரை அணைத்து ஆன் செய்யுங்கள். நல்ல மானிட்டர் தன் லோகோவையோ, கேபிள் இல்லை என்ற செய்தியையோ காட்டியே தீரும். காட்டவில்லை என்றால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகளோ ஐகான்களோ தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளி போய்விட்டது. அது மானிட்டர் பழுது பார்ப்பவரின் வேலை. கம்ப்யூட்டரைத் திறக்கத் தேவையே இல்லை.

நம் லாக் அசையவில்லை, பீப் இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது

இதுதான் அதிகம் வரும் நிலைமை. இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேபினெட்டைத் திறக்கும் முன்னால் பவர் சப்ளையின் பின்புற ஸ்விட்சை அணைத்து, மின்கம்பியையும் உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். சில சமயம் இந்த ஒரு காரியத்திலேயே, திரும்ப மாட்டியதும் படம் வந்துவிடும். திறந்த பிறகு எந்தப் பாகத்தையும் தொடும் முன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்கம்பியை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

நான் முதலில் போவது ரேமிடம். ஏனென்றால் காசில்லாமல், கருவி இல்லாமல் செய்துபார்க்கலாம், பலன் தருவதும் அதுதான் அதிகம். சென்ற வருடம் மேசையை அறையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து என் கம்ப்யூட்டரில் படம் இல்லை. பக்கப் பலகையைக் கழற்றி, ரேமுக்கு நேராகக் கண்ணை வைத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு ரேம்களில் ஒன்றின் ஒரு முனையில், பொன்னிறப் பட்டை ஒரு மயிரிழை அளவுக்கு வெளியே தெரிந்தது. மறுமுனையில் தெரியவில்லை. அந்த முனையைக் கட்டைவிரலால் நேராகக் கீழே அழுத்தியதும் "டக்" என்று கொக்கி விழுந்தது. அவ்வளவுதான் கோளாறு. சில மதர்போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் விழுந்த சத்தத்தைக் கேட்டு, மறுபக்கமும் உட்கார்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. இரண்டு முனையையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

உட்கார்ந்துதான் இருக்கிறது என்றால் கழற்றுங்கள். பொன்னிறப் பட்டையை விரலால் தொடாமல், ஓரங்களைப் பிடித்து வெளியே எடுத்து, வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். கேபினெட்டுக்கு மேலே வைத்துத் தேய்க்காதீர்கள், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தொல்லை. தேய்த்த துகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கைவசம் இருந்தால் ரப்பரைவிட அதுவே மேல். ஸ்லாட்டில் தூசி இருந்தால் காற்றடித்து எடுங்கள், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும்.

அப்புறம் ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் இருக்கும் மதர்போர்டில், பொதுவாகப் புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில்தான் ஒற்றை ரேம் போட வேண்டும். மதர்போர்டில் ஏ2 என்று அச்சடித்திருக்கும். இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். ஒரு ரேமை இப்படிச் சோதித்துவிட்டு, அதே ஸ்லாட்டில் மற்றதைச் சோதியுங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வரவில்லை என்றால் ரேம் பழுது. எந்த ரேமும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்லாட் பழுது.

ரேமில் விஷயம் இல்லையென்றால் பயாஸ் அமைப்புகளை அழியுங்கள். ரேம் வேகத்தை எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற பயாஸ் வசதி மூலம் கூட்டிய பிறகு கறுப்பானால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். மின்கம்பியை உருவிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அல்லது அதற்கென இருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி இணையுங்கள். எந்தப் பின் என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். பல வருடம் பழைய பேட்டரி என்றால் புதிதாகவே போட்டுவிடுங்கள். நல்ல பேட்டரி 3 வோல்ட் காட்டும்.

அடுத்தது மின் இணைப்புகள். மதர்போர்டுக்கு இரண்டு இடத்தில் மின்சாரம் போகிறது. ஒன்று ஓரத்தில் இருக்கும் பெரிய 24 பின் இணைப்பு. இன்னொன்று மேல்மூலையில், புராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் இணைப்பு. இந்த இரண்டாவது இல்லாமல் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், புராசஸருக்கு மட்டும் உயிர் இருக்காது. இரண்டையும் உருவித் திரும்ப அழுத்தி மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டில் 6 அல்லது 8 பின் துளை இருந்தால் அதற்கும் தனிக் கேபிள் வேண்டும். கார்டையே கழற்றி மாட்டுவதும் நல்லது. ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை விடுவித்துவிட்டு இழுங்கள், முரட்டுத்தனமாக இழுத்தால் கொக்கி உடையும்.

பீப் சத்தம் வருகிறது, அல்லது மதர்போர்டில் ஒரு விளக்கு நிலைத்து எரிகிறது

உங்களுக்கு வேலை பாதி குறைந்தது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயரிட்ட நான்கு சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும். தொடங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, அங்கேதான் வரிசை நின்றிருக்கிறது. டிராமில் நின்றால் மேலே சொன்ன ரேம் வேலைகள். விஜிஏயில் நின்றால் கார்டும் அதன் மின்கேபிளும். பூட்டில் நின்றால் போஸ்ட் முடிந்துவிட்டது, படம் வந்திருக்க வேண்டும், ஆகவே கேபிளையும் மானிட்டரையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கம்ப்யூட்டர் முதல்முறை தொடங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது கொடுங்கள். பயாஸ் அமைப்புகளை அழித்த பிறகும் இப்படித்தான்.

பீப் என்றால் எண்ணிக்கையையும் நீளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து அர்த்தம் மாறும். பழைய அவார்ட் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ் கோளாறு. உங்கள் மதர்போர்டில் அதுவே வேறாக இருக்கலாம். கையேட்டில் பார்ப்பதுதான் நம்பகம். பீப்பே இல்லை என்பதால் எதுவும் நிரூபணமாகாது. இப்போதெல்லாம் கேபினெட்டுகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே வருவதில்லை. தனியாக வாங்கி மாட்டிக்கொண்டால் இந்த மாதிரி நாளில் பெரிய உதவி.

சுற்றத் தொடங்கி, நின்று, மறுபடி சுற்றுகிறது

ஒரே சீராகச் சில விநாடிக்கு ஒருமுறை இப்படி நடந்தால் ரேம், புராசஸர் மின் இணைப்பு, அல்லது எங்கோ ஒரு குறுக்குச் சுற்று (ஷார்ட்). கேபினெட்டுக்குள் திருகு ஒன்று விழுந்து மதர்போர்டுக்கு அடியில் கிடக்கலாம். மதர்போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளைக் கால்களில் ஒன்று தவறான இடத்தில் இருந்து அடிப்புறத்தைத் தொடலாம். கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் மதர்போர்டு தளர்ந்துவிட்டது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், ஓடும்போது பவர் சப்ளையின் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். பழக்கம் இல்லையென்றால் வேண்டாம்.

புதிதாகப் பாகம் மாற்றிய பிறகு

மாற்றிய பாகத்தைக் கழற்றிப் பழையதைப் போடுங்கள். படம் வந்தால் புதியது பழுது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். புராசஸர் மாற்றியிருந்தால், மதர்போர்டின் பயாஸ் அந்தப் புராசஸர் வருவதற்கு முந்தைய பதிப்பாக இருக்கலாம். ரைசன் 5000 புராசஸரைப் பழைய பயாஸ் உள்ள பி450 மதர்போர்டில் போட்டால் இப்படித்தான், ஃபேன் சுற்றும், படம் வராது. பழைய புராசஸரை வைத்து பயாஸைப் புதுப்பித்துவிட்டு மாற்ற வேண்டும். சில மதர்போர்டுகளில் புராசஸரே இல்லாமல் யுஎஸ்பி மூலம் புதுப்பிக்கும் பட்டன் உண்டு. புராசஸரைக் கழற்றினால் பின்களைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வரிசைக்கு விலகி ஒரு பின் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டைப் புதிய மதர்போர்டில் போட்டாலும் திரை கறுப்பாகலாம். பயாஸில் சிஎஸ்எம் எனும் பழைய முறைக்கான வசதி அணைந்திருந்தால், யுஇஎஃப்ஐ எனும் புதிய பயாஸ் முறையை ஆதரிக்காத பழைய கார்டுகள் படம் காட்டுவதில்லை.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரும்போது கறுப்பாகிறது

இங்கே கேபினெட்டைத் திறக்காதீர்கள். லோகோ தெரிந்ததால் கார்டும் கேபிளும் மானிட்டரும் அடிப்படையில் சரி. இது பெரும்பாலும் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளின் கோளாறு. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், ஒரு சின்ன பீப் கேட்கும். வரவில்லையா? விண்டோஸ் விசையோடு பி (P), அம்பு விசையால் தேர்வை மாற்றி, பிறகு என்டர்; இல்லாத இரண்டாவது மானிட்டருக்குப் படம் போய்க்கொண்டிருந்தால் இதில் திரும்பும். அதுவும் இல்லையென்றால், விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதைத் தொடர்ந்து மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். அதன் வழியாக சேஃப் மோடுக்குப் போய் கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டு, புதிதாக நிறுவுங்கள்.

எதிலும் அகப்படவில்லை என்றால்

மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். புராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. புராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டு. வேறு எதுவும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். பவர் பட்டனுக்குரிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டால் தொடங்கும். இங்கே படம் வந்தால் கோளாறு கேபினெட்டிலோ, நீங்கள் விட்டுவைத்த பாகங்களிலோ இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான்.

இங்கேயும் வராவிட்டால் மிச்சம் மூன்று பேர்: பவர் சப்ளை, மதர்போர்டு, புராசஸர். தெரிந்தவரிடம் பவர் சப்ளையை இரவல் வாங்கிச் சோதிப்பது எளிது, அதை முதலில் செய்யுங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிள்களை மட்டும் புதியதோடு கலந்து மாட்டிவிடாதீர்கள். துளை பொருந்தினாலும் உள் இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாகங்கள் எரிந்துபோகும். புராசஸர் தானாகப் பழுதாவது அரிது என்பதால் அடுத்த சந்தேகம் மதர்போர்டின் மீதுதான்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, நம் லாக் அசைந்ததா, எந்த விளக்கு நின்றது, எந்த ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். படம் வரவைக்க அவை தேவையில்லை. உங்கள் கோப்புகள் அவற்றில் அப்படியேதான் இருக்கின்றன.